பினாங்கில் தூண்டில் கயாக்: அகலம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

"ஆடாத கயாக் எது?" துடுப்புப் போட்டு ஓட்டும் இந்தச் சிறு படகை விற்கும் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைக்காரரும் 90 சென்டிமீட்டர் அகலத்தில், தட்டையான அடியோடு ஒன்றைக் காட்டுவார். அசையாத தண்ணீரில் அதில் எழுந்து நின்றால் வீட்டுத் திண்ணையில் நிற்பது போல இருக்கும். அதே கயாக்கைப் 'பத்து மாவுங்' என்ற ஊரின் கடற்கரைப் பக்கம் இறக்கி, மீன்பிடிப் படகு ஒன்று கிளப்பிய அலை பக்கவாட்டில் வரும்போது உட்கார்ந்து பாருங்கள். அலையின் சரிவு எவ்வளவோ அவ்வளவுக்குப் படகும் சரியும், உங்களையும் சேர்த்துச் சாய்க்கும். அகலமான தட்டை அடி நீர்ப்பரப்போடு ஒட்டிக்கொள்ளும். நீர் சமமாக இருக்கும்வரை அது நன்மை, நீர் சாய்ந்தால் அதுவே தொல்லை.

அடி சற்று உருண்டிருக்கும் கயாக் இதற்கு நேர்மாறு. ஏறிய உடனே குலுங்கும், புதிதாக ஏறுகிறவர் பயப்படுவார். ஆனால் பக்க அலை அடியில் புகுந்து போய்விடும், உடம்பு நிமிர்ந்தபடியே இருக்கும். ஓரளவு சாய்ந்த பிறகு பக்கச்சுவர் தண்ணீரைத் தொட்டுத் தாங்கிக்கொள்ளும். முதல் குலுக்கலை வைத்து மட்டும் ஒரு கயாக்கை ஒதுக்கிவிட வேண்டாம்.

அகலம் முக்கியம்தான், சந்தேகமில்லை. சாய்வை எதிர்க்கும் பலம் அகலத்தின் மூன்றாம் அடுக்கில் (அகலம் × அகலம் × அகலம்) கூடுகிறது. 76 செ.மீ. அகலத்திலிருந்து 86 செ.மீ. போனால் அந்தப் பலம் ஏறக்குறைய 45 விழுக்காடு அதிகம். ஆனால் கணக்கில் சேர்வது நீர்மட்டத்தில் உள்ள அகலம். விளம்பரத் தாளில் இருப்பதோ மேல் விளிம்பின் அகலம். பக்கங்கள் மேல்நோக்கி விரியும் திறந்த கனுவில் (மேல்தளம் இல்லாத துடுப்புப் படகு) இரண்டுக்கும் 8, 10 செ.மீ. வித்தியாசம் வரும். அதனால் ஆளையும் சாமானையும் ஏற்றிய பிறகு, தண்ணீர் தொடும் இடத்தில் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இருக்கையின் உயரம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 75 கிலோ ஆள், 35 கிலோ கயாக், 10 கிலோ சாமான் என்று 120 கிலோ வைத்துக்கொள்வோம். இருக்கையை 10 செ.மீ. உயர்த்தினால் மொத்த எடை மையம் 6 செ.மீ. மேலேறும். எழுந்து நின்றால் ஆளின் எடை மையம் 60 செ.மீ. வரை உயரும், அப்போது மொத்த மையம் 35 செ.மீ.க்கு மேல் போய்விடும். 90 செ.மீ. கயாக்குகள் இந்த நிலைக்காகத்தான் செய்யப்படுகின்றன. நின்று லூர் (செயற்கை இரை) வீசப் போவதில்லை என்றால் அந்த அகலம் உங்களுக்கு வீண் சுமை: துடுப்பு போட இழுவை, தூக்க எடை, காற்றில் அலைச்சல். மேலே, கீழே என இரண்டு நிலையில் மாட்டக்கூடிய இருக்கை உள்ள கயாக்கைத் தேடுங்கள். ஆற்றில் மேல் நிலை போதும், கால் மரத்துப் போகாது. கடலில் கீழ் நிலை.

பினாங்கில் எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், ஜெரெஜாக், பூலாவ் அமான் தீவுகள் பக்கம் போகிறவர்களுக்கு 3.5 மீட்டருக்குக் குறையாத நீளமும் 78 முதல் 84 செ.மீ. வரை அகலமும் போதும். பாலங்களின் தூண்களைச் சுற்றி நீரோட்டம் சுழலும். அங்கே 3 மீட்டர் குட்டைப் படகு நேராகப் போகாது, மூக்கு இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். தெலுக் பகாங்கிலிருந்து மூக்கா ஹெட் வரையான வடகரை மதியத்துக்கு மேல் கடற்காற்றில் அலை கட்டும். முன்முனை உயர்ந்த கயாக் அங்கே உதவும். தென்மேற்குப் பருவத்தில் விடியலிலும் காலையிலும் வரும் சுமத்ரா புயற்காற்றை எந்த அகலமும் தாங்காது. மேற்கே கறுத்த மேகக் கோடு தெரிந்தால் கரைக்குத் திரும்புவதுதான் வழி.

நிபோங் திபாலின் கிரியான் ஆறு வேறு கதை. அலை இல்லை, கரையோரம் பெரெம்பாங் மரங்கள், இரவில் மின்மினி. 4.5 மீட்டர் திறந்த கனு இந்த இடத்துக்கு அருமையாகப் பொருந்தும். இருவர் உட்காரலாம், கேமரா பையைக் காலடியில் வைக்கலாம், தூண்டிலை நீட்டமாகக் கிடத்தலாம். அதையே கடலுக்குக் கொண்டு போக வேண்டாம். ஒரு அலை உள்ளே விழுந்தால் தானாக வடிய வழியில்லை, உள்ளே புரளும் தண்ணீரே படகைக் கவிழ்த்துவிடும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் முதலை நடமாட்டம் உண்டா என்று உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை சேற்றுக்கரை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வலசை வரும் உள்ளான் பறவைக் கூட்டங்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் மாநிலத்தில் இல்லை. நாளுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். நீர் ஏறும்போது போய், உச்சத்தில் நின்று பார்த்து, இறங்கத் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கி இழுக்கலாம் என்று நினைத்தால் கால் தொடைவரை புதையும். காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் இந்தக் கரைக்கு ஆகாது. அதன் அடியில் உள்ள துடுப்பிதழ் அரை மீட்டர் ஆழம் கேட்கும், பிளாஸ்டிக் பையும் அறுந்த வலையும் அதில் சுற்றிக்கொள்ளும்.

பறவைக்குச் சத்தம்தான் பகை. தட்டையான முன்முனை சிற்றலையில் 'தப் தப்' என்று அறையும், கொக்கு 60 மீட்டர் தூரத்திலேயே எழுந்துவிடும். கூரான முன்முனை பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு, கால் படும் இடத்திலும் துடுப்பு உரசும் விளிம்பிலும் மென்மையான ஃபோம் ஒட்டுங்கள். தொலைநோக்கி 8 மடங்கு போதும், மிதக்கும் படகில் 10 மடங்கில் படம் நடுங்கும்.

வேட்டைக்காக விசாரிப்பவர்களும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும், துப்பாக்கிக்குத் தனி உரிமம். கயாக் வாங்கும்போது அதை மனத்தில் வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கயாக்கில் அச்சிட்டிருக்கும் 'அதிகபட்ச எடை' மிதப்பதற்கான எல்லை மட்டுமே. அந்த எடையோடு வசதியாகத் தூண்டில் போட முடியாது. மூன்றில் இரண்டு பங்கைத்தான் உங்கள் எல்லையாகக் கொள்ள வேண்டும். 75 கிலோ ஆள், ஐஸ் போட்ட 10 கிலோ கூல் பாக்ஸ், தண்ணீர் 3, தூண்டிலும் பெட்டியும் 6, நங்கூரமும் கயிறும் 3, மீன் 3 என்று சரியாக 100 கிலோ வந்துவிடும். அப்படியானால் 150 கிலோ எழுதியிருக்கும் கயாக் வேண்டும். இதைவிடக் குறைந்தால் தளத்து வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் கீழிருந்து மேலே வந்து, நாள் முழுக்க ஈரத்தில் உட்கார வைக்கும்.

வாங்கும் முன் தண்ணீரில் சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் பத்தைப் பின்பக்கம் அடுக்கினால் 15 கிலோ. அதோடு உட்கார்ந்து, உடம்பைத் திருப்பிப் பின்னால் உள்ள புட்டியை எடுங்கள். மீன் பெட்டிக்கும் வலைக்கும் செய்யும் அசைவு இதுதான். பிறகு இடுப்பளவு தண்ணீரில் கயாக்கைக் கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். அகலமான கயாக் தலைகீழாகவும் உறுதியாக நிற்கும், தனி ஆளால் புரட்ட முடியாமல் போகலாம். அதைக் கடலில் தெரிந்துகொள்வதைவிடக் கடையின் குளத்தில் தெரிந்துகொள்ளலாம்.

நல்ல கயாக்கையும் கவிழ்க்கும் ஒரு பழக்கம், நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டுவது. நீரோட்டம் தள்ளும்போது கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும், தண்ணீர் உள்ளே ஏறும், நொடியில் முடிந்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும் கட்டுங்கள். கயிற்றின் நுனியில் ஒரு மிதவை வைத்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள். மடக்கு நங்கூரம் பாறையில் பிடிக்கும், பினாங்குச் சேற்றில் வழுக்கும், காண்டல் வேரில் சிக்கினால் திரும்பி வராது. ஒரு மீட்டர் ஆழத்துக்குள் என்றால் இரண்டு மீட்டர் மூங்கிலைக் குத்தி நிறுத்துவது மேல்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 3.6 மீட்டர் கயாக் லிஃப்ட்டில் போகாது. காற்றடைக்கும் கயாக்கை யோசிக்கலாம், ஆற்றுக்கு மட்டும். உயரமாக மிதப்பதால் கடற்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும், தூணில் ஒட்டிய சிப்பி ஒரு உரசலில் கிழிக்கும். வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து தையல் விடும். கரையேறியதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள். மைவி காரின் நீளம் சுமார் 3.9 மீட்டர், 3.6 மீட்டர் கயாக் கூரையில் பொருந்தும். ஆனால் ரேக் தாங்கும் எடையைக் கையேட்டில் பாருங்கள், முன்னும் பின்னும் கயிறு கட்டுங்கள். நடுவில் இறுக்கிக் கட்டி வெயிலில் நிறுத்தினால் பிளாஸ்டிக் அடி குழிந்துபோகும். பழைய கயாக்குகளில் நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுப்பவை பெரும்பாலும் இப்படிக் குழிந்தவைதான்.

உப்புத் தண்ணீரில் முதலில் போவது இருக்கையின் அலுமினியச் சட்டம். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ மாட்டிய இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு ஸ்குரூ அசையாது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்குரூவைக் கழற்றிக் கிரீஸ் தடவினால் தப்பிக்கும். மூடிகளின் ரப்பரும் வெயிலில் இறுகும். உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, மேலே குழாய்த் தண்ணீர் விட்டால் கசிவு தெரியும்.

பழைய கயாக் வாங்குகிறவர்கள் வடிகால் துளைகளின் உட்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். துளைக்குள் கம்பி நுழைத்துத் தாங்கும் தள்ளுவண்டியில், சாமானோடு இழுத்திருந்தால் அங்கேதான் விரிசல் விடும். பாலிஎத்திலீனில் எப்பாக்ஸியும் ஃபைபர் கிளாஸும் ஒட்டாது, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கித்தான் அடைக்க வேண்டும். பின்முனையின் அடியையும் விரலால் அழுத்துங்கள். சிமெண்ட் சரிவில் இழுத்து இழுத்து அது காகிதம்போல் மெலிந்திருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.