பழைய தொழில்கருவி புக்ஸ்: ஒரிஜினலா, ஃபேக்ஸிமிலியா, புதுசா டைப்செட் பண்ணதா?

தச்சு வேலை, கொல்லுப்பட்டறை, கடைசல், கல்தச்சு, கூடை முடையுறதுன்னு கைத்தொழில் பத்தின நூறு இருநூறு வருஷப் பழைய புக்ஸ் மேல ஆசை வந்துட்டா கூடவே ஒரு கேள்வியும் வந்துடும், எந்த வடிவத்துல வாங்குறது, நாமளே மறுபதிப்பு போடுறதா இருந்தா எப்படிப் போடுறது. கைல இருக்குற வழி நாலு: ஒரிஜினல், பழைய பக்கத்தை அப்படியே படம் புடிச்சு அடிக்கிற ஃபேக்ஸிமிலி, எழுத்தெல்லாம் புதுசா கோத்த டைப்செட் பதிப்பு, அப்புறம் நெட்ல ஃப்ரீயா கிடக்குற ஸ்கேனை எடுத்து ஆர்டர் வந்தா ஒரு காப்பி அடிச்சு அனுப்புற பிரிண்ட் ஆன் டிமாண்ட்.

கடைசியா சொன்னதை முதல்லயே முடிச்சிடுறேன். இழைப்புளி பத்தின ஒரு புக்கை அப்படி வாங்கினேன், உள்ள எழுத்து ஓரளவு படிக்க முடிஞ்சது, ஆனா மடிச்சு வச்சிருக்குற பெரிய பிளேட் (தனித்தாள்ல அடிச்ச முழுப்பக்கப் படம்) ஒண்ணைக்கூட ஸ்கேன் பண்ணவங்க விரிக்கவே இல்ல, மடிப்போட முதுகுதான் பக்கமா பதிஞ்சிருக்கு, ஆனா எழுத்துல மட்டும் "14-ம் படத்துல ஏ-ல இருந்து பி வரைக்கும் பாரு"ன்னு வந்துட்டே இருக்கு. கருவி புக்ல படம் போச்சுன்னா பாதிக்கு மேல போச்சு. சில பேரு படத்தை விட்டுட்டு கம்ப்யூட்டர் படிச்ச எழுத்தை மட்டும் அடிச்சு விக்கிறாங்க, அது இன்னும் மோசம், ஏன்னா 18-ம் நூற்றாண்டு இங்கிலீஷ் அச்சுல நீளமான 'எஸ்' ஒண்ணு இருக்கும், பாக்க 'எஃப்' மாதிரியே இருக்கும், அதனால வாள்னு அர்த்தம் வர்ற 'சா' எல்லாம் 'ஃபா'ன்னு ஆகிடும். வாங்குறதுக்கு முன்னாடி பிளேட் பக்கம் ஒண்ணாவது காட்டுவாங்களான்னு பாருங்க, காட்டலன்னா விட்டுடுங்க.

ஒரிஜினல் விஷயத்துல நிறைய பேர் நினைக்கிறதுக்கு நேர்மாறா ஒண்ணு இருக்கு. 1780-ல அச்சான புக் 1890-ல அச்சானதை விட தெம்பா இருக்கும். முன்னாடி காகிதம் பழைய துணியில இருந்து வந்தது, நார் நீளம், சீக்கிரம் ஒடியாது. 19-ம் நூற்றாண்டு நடுவுல இருந்து மரக்கூழ் வந்துச்சு, மை ஊறாம இருக்க படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தாங்க, அதுல அமிலம் உண்டாகி காகிதம் பழுப்பாகி மூலையைத் திருப்பினா பிஸ்கெட் மாதிரி உடையுது. அதனால மறுபதிப்பு எதுக்கு அவசரம்னு கேட்டா, ரொம்பப் பழசுக்கு இல்ல, 1860-ல இருந்து 1930 வரைக்கும் வந்த கையேடுகளுக்கும் கருவி கேட்லாக்குக்கும்தான். கேட்லாக் இன்னும் பாவம், புது வருஷத்துது வந்ததும் பழசைத் தூக்கிப் போட்டுருவாங்க, அதான் அவ்வளவு அடிச்சும் இன்னைக்குக் கம்மியா கிடைக்குது. ஒரிஜினல் வாங்கினா பிளேட் எண்ணிக்கையை பட்டியலோட சரி பாருங்க, ஃப்ரேம் போட்டு விக்க நல்ல படத்தை அறுத்து எடுத்துட்டு மிச்சத்தை முழுசுன்னு விக்கிறது நடக்குது. ஓரத்துல யாரோ ஒரு தொழிலாளி பென்சில்ல எழுதின அளவு இருந்தா அது கறை இல்ல, அதுக்காகவே வாங்கலாம். ஆனா பட்டறை மேஜைல விரிச்சு வைக்க ஒரிஜினல் வேண்டாம், அது ஸ்கேனுக்கும் சரிபார்க்கவும்தான்.

மிச்சம் இருக்குறது ஃபேக்ஸிமிலியும் டைப்செட்டும், நிஜமான போட்டி இவங்களுக்குள்ளதான்.

ஃபேக்ஸிமிலியோட பலம் கோடு. செப்புத்தகட்டுல செதுக்கின படத்துல நிழலே மெல்லிசான கோடுகளாலதான் வரும், அதை வெறும் கருப்பு வெள்ளையா 300 டிபிஐ-ல (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணா கோடெல்லாம் ஒட்டிக்கிட்டு உளியோட சரிவு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, கிரேஸ்கேல்ல, அதாவது சாம்பல் நிற அடுக்குகளோட, 400-க்கு மேல, இல்ல கருப்பு வெள்ளைன்னா 600-க்கு மேல எடுக்கணும். 1880-க்கு அப்புறம் வந்த புள்ளி வச்ச போட்டோ படத்துக்கு மேல திரும்ப புள்ளி வச்சு அடிச்சா அலை அலையா ஒரு கோலம் விழும், அதை முன்னாடியே எடிட் பண்ணி எடுக்கணும். அளவும் முக்கியம். ரூபோன்னு பிரான்ஸ்ல ஒரு தச்சர், 1769-ல இருந்து தச்சு வேலை பத்தி பெரிய சைஸ்ல, 380-க்கு மேல பிளேட்டோட ஒரு புக் கொண்டு வந்தார், இந்த மாதிரி புக்கை பாதியா சுருக்கினா அளவுகோல் வரைஞ்ச படம் தப்பிச்சுடும், அதுவும் கூடவே சுருங்கும், ஆனா "நிஜ அளவு"ன்னு போட்ட படம் பொய்யாகிடும்.

ஃபேக்ஸிமிலியால முடியாதது விளக்கம். அந்தக் கால பிரெஞ்சு அடி 32.48 செ.மீ., அதோட அங்குலம் 27.07 மி.மீ., இங்கிலீஷ் அங்குலம் 25.4. இதைத் தெரியாம வெறும் அங்குலமா எடுத்து ஒருத்தர் நாற்காலி செஞ்சா 6 சதவீதத்துக்கு மேல சின்னதா வரும். பழைய செய்முறைல ஈய வெள்ளையும், பூச்சுக்கு பாதரசமும் ஒரு எச்சரிக்கை கூட இல்லாம வரும். அதோட பழைய படமே தப்பா இருக்கலாம், இங்கிலாந்துல மாக்சன் 1678-ல இருந்து பகுதி பகுதியா கொண்டுவந்த தொழில் புக்ல தச்சுக் கருவிப் படம் நிறைய 1676-ல ஃபெலிபியன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் போட்டதுல இருந்து எடுத்ததுதான், அப்போ அந்தப் படத்தை வச்சு இங்கிலீஷ் பட்டறைல இதுதான் இருந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது. இதெல்லாம் அடிக்குறிப்புல யாராவது சொல்லணும். டைப்செட்ல அதுக்கு இடம் இருக்கு, அகரவரிசையும் கலைச்சொல் பட்டியலும் சேர்க்கலாம். ஆனா கோக்குறப்போ 3/8 ஒரு இடத்துல 5/8 ஆகிட்டா யாருக்கும் தெரியாம அப்படியே போயிடும், அதனால ப்ரூஃப் பாக்குறவர் கண்டிப்பா அந்தத் தொழில் தெரிஞ்சவரா இருக்கணும், தமிழ்ப் புலவரோ இங்கிலீஷ் வாத்தியாரோ போதாது.

நான் என்ன எடுப்பேன்னா, படம் அதிகமா இருந்தா, கேட்லாக் மாதிரின்னா, ஃபேக்ஸிமிலி, தயங்காம. எழுத்தே அதிகமா இருக்குற கொல்லு, சாயம், வார்னிஷ் கையேடுன்னா டைப்செட். ரெண்டும் கலந்து இருந்தா எழுத்தை புதுசா கோத்து பிளேட்டை மட்டும் விரிச்சு நிஜ அளவுல படம் புடிச்சு சேர்க்கணும், செலவு கூடும், ஆனா அதுக்கு ஈடு வேற இல்ல. எதுவா இருந்தாலும் நூல் தையல் பைண்டிங் கேளுங்க, கம் பைண்டிங் மேஜைல விரிச்சு நிக்காது, ரெண்டு தடவை அமுக்கினா பக்கம் கழண்டுரும்.

உரிமை விஷயம் ஒண்ணு: எழுதினவர் செத்து எத்தனை வருஷம் வரைக்கும் காப்பிரைட் இருக்கும்ங்குறது நாட்டுக்கு நாடு மாறும், காப்பிரைட்டுக்கான பெர்ன் சர்வதேச ஒப்பந்தப்படி குறைஞ்சது 50, நிறைய நாட்டுல 70. மூலம் ஃப்ரீயா இருந்தாலும் இன்னொருத்தர் புதுசா எழுதின முன்னுரையும் குறிப்பும் மொழிபெயர்ப்பும் அவங்களுது, அதனால ஸ்கேனை அவங்க மறுபதிப்புல இருந்து எடுக்காம பழைய காப்பில இருந்தே எடுங்க, எடுக்குறப்போ பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு மடிப்பையும் நீங்களே விரிச்சுக் குடுங்க.