கிரிவெல் ஜி12 கிராம்பான்: பேக்கர் மலையில் ஒரு முழு நாள்

வாஷிங்டன் மாநிலத்தின் பேக்கர் மலைக்கு (3,286 மீட்டர்) ஈஸ்டன் பனியாற்று வழியாகப் போனபோது இந்த கிராம்பானைத்தான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) அணிந்திருந்தேன். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, பிற்பகலில்தான் கழற்றினேன். ஒரு தடவைகூட வாரை இறுக்க வேண்டி வரவில்லை.

விடிவதற்கு முன் பனி கல் மாதிரி இறுகியிருக்கும். அதில் பன்னிரண்டு முட்களும் அழகாகப் பிடித்தன. ஷெர்மன் எரிமலை வாயருகே கந்தக நெடியைக் கடந்தால் ரோமன் வால் (Roman Wall) என்ற செங்குத்துச் சரிவு. அங்கே முன்முட்களை நம்பி நிற்கலாம். நான் நம்பி நின்றேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அடியிலுள்ள பிளாஸ்டிக் தகடு. இறங்கும்போது வெயிலில் பனி குழைந்துவிடும். தகடு இல்லாத கிராம்பானில் அது உருண்டையாக ஒட்டி முட்களையே மூடிவிடும். பிறகு அடிக்கு அடி ஐஸ் கோடரியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். பனிப்பிளவுகளுக்கு நடுவே, கயிற்றில் பிணைந்து போகும்போது அது உண்மையிலேயே ஆபத்து. இதில் பனி தானாகவே உதிர்ந்தது.

எஃகு என்பதால் அலுமினியத்தைவிடக் கனம்தான். பாறையிலும் நடக்க வேண்டுமென்றால் எஃகே சரி.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: குதிகாலில் நெம்புகோல் உள்ள வகைக்கு பூட்ஸின் பின்புறம் பள்ளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுக்க வார் வைத்த வகையை எடுங்கள். அப்புறம், வீட்டிலேயே பூட்ஸில் மாட்டி நீளத்தைச் சரிசெய்துவிடுங்கள்.