காணாமல் போனவரைத் தேட: சிறு குழுக்களா, வரிசைத் தேடலா?

மறதி நோயுள்ள பெரியவரைக் காணோம் என்றதும் தெருவே திரண்டுவிடும். சிறு குழுக்களாகப் பிரிந்து போவதா, பக்கம் பக்கமாக ஒரே வரிசையில் நடந்து காட்டை அலசுவதா (இதுதான் வரிசைத் தேடல்) என்ற வாக்குவாதமும் கூடவே வரும். முதலில் 112-க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வேகம்
சிறு குழு: பேருந்து நிலையம், கோயில், பழைய வீடு, கிணற்றடி என்று உடனே ஓடலாம்.
வரிசை: மெதுவாகத்தான் நகரும்.

ஆள்
சிறு குழு: இரண்டு மூன்று பேர், ஒரு போன்.
வரிசை: நிறையப் பேர், அவர்கள் பேச்சுக்குக் கட்டுப்படும் ஒரு தலைவர்.

தடயம்
சிறு குழு: காலடித் தடம் பெரும்பாலும் பிழைக்கும்.
வரிசை: மிதிபட்டு அழியும். மோப்ப நாய் வருவதாக இருந்தால் அது வந்து போகும்வரை பொறுங்கள்.

நுணுக்கம்
சிறு குழு: பாதையோரம் மட்டுமே கண்ணில் படும்.
வரிசை: இதன் பலமே இதுதான். இந்நோயாளிகள் பலர் கூப்பிட்டால் பதில் தருவதில்லை. நடந்துகொண்டே போய்ப் புதரில் சிக்கி அப்படியே இருந்துவிடுவார்கள். சீமைக்கருவேலங்காட்டில் பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தரை முழுதும் தெரிகிற அளவுக்கு நெருங்கி நடக்க வேண்டும். குனிந்து பாருங்கள், திரும்பியும் பாருங்கள். முடித்த இடத்தின் ஓரத்தில் துணி கட்டுங்கள்.

முதல் சில மணி நேரத்துக்குச் சிறு குழுக்கள்தான் சரி. கடைசியாகப் பார்த்த இடம் உறுதியாகி, அங்கே புதர் மண்டியிருந்தால் வரிசை. பாழுங்கிணறு உள்ள பகுதியில் இரவில் வரிசை வேண்டவே வேண்டாம்.