பேச்சுப் பயத்தை அளக்க: 34 கேள்வியா, 24 கேள்வியா?

மைக் கொடுத்தால் எனக்குப் பயமில்லை. ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று யாராவது திரும்பிக் கேட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும். இதை அளந்துதான் பார்ப்போமே என்று இரண்டு வினாப்பட்டியல்களை நிரப்பினேன். இரண்டையும் உருவாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி.

1970-இல் வந்த பிஆர்பிஎஸ்ஏ (PRPSA) என்ற முதல் பட்டியலில் 34 கேள்விகள். எல்லாமே மேடைப்பேச்சு பற்றித்தான்: கை நடுக்கம், படபடப்பு, முந்தைய இரவு தூக்கம் வராதது. மதிப்பெண் 98-க்குக் கீழே என்றால் பயம் குறைவு, 131-ஐத் தாண்டினால் அதிகம். எனக்கு 92. ஒரு குறையும் இல்லையாம்! மேடைதான் சிக்கல் என்பவர்களுக்கு இதுவே போதும்.

நான் கையில் வைத்துக்கொண்டது இரண்டாவது பட்டியலான பிஆர்சிஏ-24 (PRCA-24). குழு உரையாடல், மீட்டிங், இருவர் பேச்சு, மேடை என்று நான்கு பகுதிகள். பகுதிக்கு 6 கேள்விகள். மொத்த மதிப்பெண் 24 முதல் 120 வரை போகும். 80-க்கு மேல் அதிகம், 51-க்குக் கீழே குறைவு. எனக்கு 66. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இதுவும் 'சராசரி' என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும். பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: குழு 15, மீட்டிங் 24, இருவர் பேச்சு 12, மேடை 15. பகுதிக்கு அதிகபட்சமே 30. 18-ஐத் தாண்டினாலே ஓரளவு பயம் இருக்கிறது என்று கணக்கு. எனக்கு வேண்டியிருந்தது மீட்டிங்கில் வந்த இந்த 24 ஒன்றுதான்.

கூட்டும்போது கவனம். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கேள்விகள் பயத்தைச் சொல்பவை, மூன்று நிதானத்தைச் சொல்பவை. 18-உடன் பயக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டி நிதானக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். நான் முதல் தடவை ஆறையும் அப்படியே கூட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாப் பகுதிகளும் 18-ஐ ஒட்டியே வந்து நின்றன.

குறையும் உண்டு. போனில் பேசத் தயங்குவதை இது கேட்பதே இல்லை. பிறர் முன்னால் வரும் பதற்றத்தை அளக்க 1987-இல் வந்த லீபோவிட்ஸ் அளவுகோல் அதைக் கேட்கிறது. பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என்று தனித்தனியாகவும் பார்க்கிறது. ஆனால் அது முதலில் மருத்துவர்களுக்காக உருவானது. நான் மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி, அதனால் ஒப்பிட மாட்டேன்.

நாலு மாதம் கழித்து மீட்டிங் பகுதியை மட்டும் மறுபடி நிரப்பினேன்: 20. கேள்வி வருவதற்கு முன்பே ஒரு வரியாவது பேசிவிடுவது என்று பழகியதாலா, இடையில் குழு மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.