ஈரானியச் சாப்பாட்டுக் கடையில் 316 டொலர் 65 சதம் போனது: ரொறன்ரோ ஆட்கள் கவனம்

சனிக்கிழமை இரவு நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யங் வீதியில் ஃபிஞ்ச் வீதிக்கு வடக்கே இருக்கிற ஈரானியக் கடைகளுக்குக் குடும்பமாகப் போகிறவர்கள் இதை முழுவதும் வாசியுங்கள். எனக்குப் போன காசு 316 டொலர் 65 சதம். எப்படிப் போனது என்று முதலில் சொல்கிறேன், என்ன செய்தால் தப்பலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. காசை இன்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பெயர் போட்டால் அதையே சாட்டாக வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிளாசாவுக்குள் இருக்கிற சின்னக் கடை. மேசைவிரிப்பு கிடையாது, தட்டுக்குக் கீழே காகிதம்தான். பத்துப் பன்னிரண்டு மேசை, வாசலோடு ரொட்டி சுடுகிற அடுப்பு. மத்தியானத்தில் வேலை உடுப்போடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரியான இடம்.

ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். ஈரான்காரரைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னோடு ஒன்பது வருடமாக வேலை செய்கிற நண்பர் ஒருவர் ஈரான்காரர்தான். செலோ கபாப் என்கிற சோறும் சுட்ட இறைச்சியும் எப்படிச் சாப்பிடுவது என்று பழக்கிவிட்டவரே அவர். ஆவி பறக்கிற சோற்றில் பட்டரை வைத்து, சுட்ட தக்காளியை நசித்து, மேலே சுமாக் என்கிற புளிப்புத் தூளைத் தூவி, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் தூக் என்கிற புதினா போட்ட மோர். எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் பானையை ஊறப் போட்டுவிடுவோம். அவர்களோ எண்ணெய் விட்டு, வேண்டுமென்றே அடியைப் பொன்னிறமாக முறுக வைத்து, அதைத் தாதீக் என்று சொல்லி விருந்தாளிக்குத்தான் முதலில் வைப்பார்கள். இந்தச் சாப்பாட்டின்மேல் எனக்கு உண்மையான ஆசை. அதனால்தான் இவ்வளவு எரிச்சலும்.

அந்த நண்பர்தான் தாரோஃப் என்கிற அவர்களின் உபசாரப் பழக்கத்தையும் விளக்கினார். கடையில் போய் விலை கேட்டால் 'காபெலி நதாரே' என்பார்கள், உங்கள் தகுதிக்கு இது ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி அர்த்தம். காசு வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது, நீங்கள் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும், அவர் வாங்கிக்கொள்வார். எங்கள் ஊரில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மறிப்பதும், இல்லை வேண்டாம் என்று நாங்கள் இழுப்பதும் போல. அழகான பழக்கம். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் என்னை மடக்கினார்கள்.

அம்மாவுக்கு 75 வயது. ஒருமுறை வேறொரு கடையிலிருந்து ஃபெசென்ஜான் வாங்கிக்கொண்டு போனேன். அரைத்த வால்நட்டும் மாதுளம்பழப் பாகும் விட்டு, எண்ணெய் மிதந்து வரும்வரை மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவிட்ட கோழிக் குழம்பு. கறுப்பாக இருக்கும், பார்க்க ஆசை வராது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "புளிப்பும் இனிப்புமா நல்லாயிருக்கு தம்பி, இதில என்ன போடுறாங்கள்?" என்று கேட்டார். புதுச் சாப்பாடு எதையும் தொடாத ஆள் அப்படிக் கேட்டது எனக்கு மறக்கவில்லை. பிறந்தநாளுக்கு அதையே வைப்போம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இந்தக் கடைக்கு நேரிலேயே போனேன். மனேஜர், ஐம்பது வயதிருக்கும், என்னை இருத்தித் தேநீரும் கற்கண்டும் வைத்தார். அம்மாவின் வயதைக் கேட்டார், தன் அம்மா ஈரானில் ஷிராஸ் நகரத்தில் தனியாக இருக்கிறார் என்றார், கண் கலங்கினார். 12 பேர். இரண்டு தட்டு ஃபெசென்ஜான், பகாலி போலோ என்கிற அவரைச் சோற்றோடு ஆட்டுக்கால், பிள்ளைகளுக்கு ஜூஜே என்கிற கோழிக் கபாப், ஒரு முழுத் தாதீக். அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார் என்று இரண்டு தரம் சொன்னேன். எல்லாவற்றையும் ஓர்டர் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். ஃபெசென்ஜான் நேரம் பிடிக்கிற வேலை, வால்நட் விலை, அதனால் 200 டொலர் முற்பணம் வேண்டும் என்றார். நியாயமாகப் பட்டது. ஒரு துண்டில் மின்னஞ்சல் முகவரி எழுதித் தந்தார், அதற்கு ஈ-ட்ரான்ஸ்ஃபர், அதாவது வங்கியிலிருந்து மின்னஞ்சல் வழியாகக் காசு, அனுப்பச் சொன்னார். அந்த முகவரியில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு ஆளின் பெயர். அப்போதே பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். பாதுகாப்புக் கேள்வி எதுவும் கேட்காமல் காசு அடுத்த நொடியே அவர் பக்கம் போய் விழுந்தது.

ரசீது கேட்டேன். கேட்காமல் வரவில்லை. அவர் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்சம் குனிந்து, "காபெலி நதாரே. அம்மாவின் பிறந்தநாளுக்கு வருகிறீர்கள். நமக்குள் எதற்குக் காகிதம்? உங்கள் பெயர் என் ஃபோனில் இருக்கிறது" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. நண்பரின் வீட்டில் கேட்ட வார்த்தை. அதற்கு மேல் காகிதம் கேட்டால் அவரை அவமதிக்கிற மாதிரி இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த ஓர்டர் புத்தகத்தை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஆறரைக்குப் போனோம். அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். மனேஜர் இல்லை. ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. 12 பேர், அதில் மூன்று சின்னப் பிள்ளைகள், மெல்ல மெல்ல நடக்கிற அம்மா, எல்லோரும் வாசல் குளிரில் நாற்பது நிமிடம். பிறகு இரண்டு மேசையாகப் பிரித்து இருத்தினார்கள். ஃபெசென்ஜான் இன்றைக்கு இல்லை. தாதீக் முடிந்துவிட்டது. ஆட்டுக்கால் இரண்டுதான் இருக்கிறது. பரிமாற வந்தது படிக்கிற வயதுப் பொடியன், அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. 200 டொலர் கட்டியிருக்கிறேன் என்று ஃபோனில் காட்டினேன். "இப்போது முழுப் பில்லையும் கட்டுங்கள், மனேஜர் வந்ததும் கழித்துத் தருவார்" என்றான்.

அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பசி, அம்மா புதுச் சேலை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார், எங்கே போவது?

கலப்புக் கபாப் தட்டுகள் எடுத்தோம். அதில் கூபிதே, அரைத்த இறைச்சிக் கபாப், இருந்தது. ஆடுதானே என்று கேட்டேன், ஆடு என்றான். அம்மா கரண்டியைத் தூக்கிய பிறகு மகளுக்குச் சந்தேகம் வந்து, எழும்பிப் போய்ச் சமையல்காரரிடமே கேட்டாள். மாடும் ஆடும் கலந்தது. ஓடி வந்து அம்மாவின் தட்டிலிருந்து எடுத்தாள். நல்லவேளை, வாய்க்குப் போகவில்லை. அம்மா சோற்றையும் சுட்ட தக்காளியையும் வெள்ளரிக்காய் போட்ட தயிரையும் சாப்பிட்டார். "பரவாயில்லை தம்பி, தயிரும் சோறும் நல்லாத்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். 75ஆவது பிறந்தநாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

பில். சாப்பாடு 486 டொலர். பெரிய கூட்டம் என்று 18 வீதம் சேவைக் கட்டணம் 87.48 அவர்களே சேர்த்திருந்தார்கள். அதன்மேல் 13 வீத வரி 74.55. மொத்தம் 648.03. பொடியன் பில்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மெஷினை நீட்டினான். மெஷின் 18, 20, 25 என்று டிப்ஸ் கேட்டது. குறைந்ததை அமத்தினேன். அது வரிக்கும் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து இன்னொரு 18 வீதம் கணக்குப் போட்டு 116.65 எடுத்தது. 764 டொலர் 68 சதம் போய்விட்டது. ஞாயிறு காலையில் மனைவிதான் துண்டுகளை விரித்து வைத்துப் பார்த்து, "இஞ்சேருங்கோ, ரெண்டு தரமெல்லே டிப்ஸ் எடுத்திருக்கிறாங்கள்" என்றா. அப்போதுதான் விளங்கியது. முற்பணம் 200, இரண்டாவது டிப்ஸ் 116.65. ஆகமொத்தம் 316 டொலர் 65 சதம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். ஞாயிறு அடித்தேன். மனேஜர் ஐந்து மணிக்கு வருவார் என்றார்கள். ஐந்து மணிக்கு அடித்தேன், இப்போதுதான் வெளியே போனார் என்றார்கள். திங்கள் நேரில் போனேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார், பொடியன் வந்து "இல்லை" என்கிறான். நான் கையைக் காட்டிய பிறகு வெளியே வந்தார். அதே நெஞ்சில் கை. அந்த மின்னஞ்சல் கடையுடையது இல்லை, முன்னாள் பங்காளியுடையது, அவரிடம் கேளுங்கள் என்றார். நீங்கள்தானே உங்கள் கையால் எழுதித் தந்தீர்கள் என்றேன். நினைவில்லை என்றார். டிப்ஸைக் கேட்டால், அது நீங்கள் அமத்தியது, பிள்ளைகளுக்குப் பங்கு போட்டாகிவிட்டது. கடைசியில், "சகோதரா, 200 டொலருக்காகச் சண்டை போடாதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, குங்குமப்பூ ஐஸ்கிரீம் நான் தருகிறேன்" என்றார். ஐஸ்கிரீமாம். என் அம்மா அந்தப் படியில் இனிக் கால் வைக்கமாட்டார்.

வங்கிக்கு அடித்தேன். நீங்களாக விரும்பி அனுப்பிய ஈ-ட்ரான்ஸ்ஃபர், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, திருப்ப முடியாது என்றார்கள். கடன் அட்டையிலும் அதே கதைதான், ரகசிய எண் போட்டு நீங்களே ஒப்புக்கொண்ட தொகை என்றார்கள். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறையிடலாம், ஆனால் அதற்கு முதல் கடைக்கே எழுத்தில் கேட்டிருக்க வேண்டுமாம். எழுதிவிட்டேன், 316 டொலர் 65 சதம் என்று தொகையையும் போட்டு.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆள் பெயரில் இருக்கிற மின்னஞ்சலுக்குக் காசு அனுப்பாதீர்கள். முற்பணம் கட்டினால் கடையின் மெஷினில் அட்டையால் கட்டித் துண்டை வாங்குங்கள். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வாங்குங்கள். ஓர்டரைப் படம் எடுங்கள். கூட்டமாகப் போனால் பில்லை விரித்து, சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மெஷினில் கை வையுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கூபிதேயைச் சமையலறையில் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்றைக்கும் ஐந்து மணிக்கு மனேஜர் வருவார் என்றிருக்கிறார்கள். நண்பரும் கூட வருகிறார், அவர்களின் பாரசீக மொழியிலேயே கேட்பார். மூன்றரை ஆகிவிட்டது, வெளிக்கிடுகிறேன்.