கொக்கிரகுளம் அறிவியல் மையம்: சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்

மே மாதம் ஒரு தண்ணீர் பூங்காவுக்குப் போய் நொந்துவிட்டோம். இளையவளுக்கு மூன்று வயது. உயரம் போதாது என்று பாதி விளையாட்டில் ஏற்றவே இல்லை, டிக்கெட் மட்டும் முழுசாக வாங்கினார்கள். அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

சரி, இந்தத் தடவை உள்ளூரே போதும் என்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனோம். 1987-இல் திறந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்று பார்த்த இடம்.

உள்ளே எதையும் தொடாதே என்று பிள்ளையை அதட்ட வேண்டியதில்லை. தொட்டுத் திருகிப் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள். வெளிப் பூங்காவில் எதிரெதிரே இரண்டு பெரிய குழிக் கிண்ணங்கள். ஒன்றின் முன்னால் மூத்தவன் நின்று, "ஆச்சி, கேக்குதா?" என்று முணுமுணுத்தான். தூரத்தில் மற்றதன் முன்னால் இருந்த என் அத்தை, "நல்லா கேக்குதுலே ராசா!" என்று கத்திவிட்டார். கிண்ணத்தில் பட்ட குரல் சிதறாமல் நேரே போய், எதிர்க் கிண்ணத்தில் ஒரே புள்ளியில் குவிகிறது. அதை விளக்கி முடிப்பதற்குள் மூன்று தடவை இடம் மாறி நின்று பேசிவிட்டான். இளையவள் டைனோசர் பொம்மையை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

வெயில் தாழ, மூன்றரை மணிக்கு மேல் போங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். அப்புறம் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நின்று தாமிரபரணி ஆற்றைக் காட்டிவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு வந்தோம்.