ஊர்ப்பெயர் எதில் கிடைக்கும்: சான்றிதழா, குலதெய்வமா, மரபணுவா?

சிங்கப்பூரில் பல வீடுகளில் பாட்டனார் பெயர் தெரியும், ஊர் தெரியாது. ஊர் தெரியாமல் அதற்கு மேல் ஒரு தலைமுறைகூட ஏற முடியாது. எனவே முன்னோரைத் தேடும் ஒவ்வொரு வழியும் ஊர்ப்பெயரைத் தருமா என்பதுதான் முதல் கேள்வி.

இங்கே பிறப்பு, இறப்புப் பதிவு 1872இல் தொடங்கியது. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் நகல் கேட்கலாம். ஒரு பிறப்புச் சான்றிதழ் ஒரு தலைமுறையை உறுதியாகக் காட்டும். ஆனால் பெற்றோர் பிறந்த இடம் ‘இந்தியா’, ‘மெட்ராஸ்’ என்பதோடு நின்றுவிடுவதுண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும். சுப்பையாவை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1961 மாதர் சாசனத்துக்கு முந்திய இந்துத் திருமணங்கள் பல பதிவாகாதவை, அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஊர்ப்பெயருக்கு இந்தச் சான்றிதழ்களைவிட, வீட்டிலுள்ள பழைய கடப்பிதழ் மேல். அடுத்தது தமிழ் முரசின் பழைய இதழ்களில் வந்த மரண அறிவித்தல். தேசிய நூலக வாரியத்தின் மின் தொகுப்பில் பார்க்கலாம். இறந்த தேதிக்கு அடுத்த ஒரு வாரம், பிறகு கருமாதி நாள், ஓராண்டு நினைவு நாள் என்று புரட்டுங்கள்.

கிடைத்த மாவட்டப் பெயரை அப்படியே நம்பக் கூடாது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் இன்று நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இருக்கலாம். தென்காசி 2019இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது.

ஊர் தெரிந்த பிறகு குலதெய்வக் கோயிலுக்கு ஈடான வழி கிடையாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் தண்டும் தலைக்கட்டு வரியின் நோட்டில் பங்காளிகளின் பெயர் வரிசையாக இருக்கும். மகா சிவராத்திரி அன்று போனால் பங்காளிகள் பலரை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். குறை ஒன்று: அது தந்தைவழி மட்டும். தாய்வழிக்கு வீட்டுக் கல்யாணங்களின் மொய் நோட்டைக் கேளுங்கள். ஊர், தலைப்பெழுத்து, பெயர் என்று எழுதுவது வழக்கம் என்பதால் தாய்மாமன் ஊர் அதில் அகப்படும்.

நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பொன் போன்றது. ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அண்ணன் தம்பி அத்தனை பேரையும் சொல்லிவிடும். ஒரு நிலத்தின் பத்திரப் பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தியதே கிடைக்கும். இணையத்தில் கிடைக்காத பழைய பதிவுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். நிலமில்லாமல் கப்பலேறிய கூலிக் குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது, அவர்களுக்குக் கோயில்தான் கதி.

மரபணுச் சோதனையை இவற்றுக்கு நிகராக வைக்க மாட்டோம். அது ‘தென்னிந்தியா’ என்று சொல்லும், ஊரைச் சொல்லாது. அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாக மணம் முடித்த குடும்பங்களில் தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம்போல் கணக்கில் வரும். தமிழர் குறைவாகச் சேர்ந்திருக்கும் தரவுத்தளத்தில் பொருந்தும் ஆளே கிடைக்காமலும் போகலாம்.

ஒரு நிலையில் மட்டும் அதற்கே முதலிடம். அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தன. பெற்றவர் பெயர் எழுதப்படாத அந்தப் பாட்டிகளின் வழியைக் காகிதத்தில் பிடிக்க முடியாது. அங்கே எச்சில் மாதிரியைப் பேரன் கொடுப்பதைவிடப் பாட்டியே கொடுப்பது நல்லது. ஒவ்வொரு தலைமுறைக்கும் மரபணுவில் பாதிதான் இறங்குகிறது.